தெரிந்து தெளிவோம்: 64 என்பது எவ்வளவு?



இந்த மாதம் ஒரு கணக்கோடு வந்திருக்கிறேன். கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எட்டாம் வாய்ப்பாடு தெரிந்தால் போதும். அதுவும் மறந்துவிட்டால் கைத்தொலைபேசியில் கணிப்பான் இருக்கிறது. இந்தச் சிறிய கணக்குத் தெரியாததால் எங்கள் தையல் குழுவைச் சேர்ந்த ஓர் அக்கா தன் தோட்டை அடைவு வைக்கப் புறப்பட்டார். போகும் வழியில் எங்கள் நிலையத்துக்கு வந்ததால்தான் அந்தத் தோடு இன்றும் அவர் காதில் இருக்கிறது.

2009 இல் அவர் கணவரை இழந்தபோது மகள் கைக்குழந்தை. சென்ற ஆண்டு அந்தப் பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும் மாலையில் ஒரு மணித்தியாலம் கணித வகுப்பு, ஸூம் வழியாக.

"மிஸ், இருபதாம் திகதி தாண்டினால் படம் அப்பிடியே நிண்டுபோகுது. சேர் கதைக்கிறதும் விட்டுவிட்டுத்தான் கேக்குது. போன் பழசாப் போச்சு எண்டு பிள்ளை அழுகிறாள். தோட்டை வைச்சு வேறொண்டு எடுத்துக் குடுக்கப் போறன்" என்றார்.

"மாதத் தொடக்கத்திலயும் அப்பிடியோ அக்கா?" என்று கேட்டேன்.

"இல்லை மிஸ். தொடங்கேக்க நல்லாத்தான் ஓடுது. பிறகுதான் இந்தக் கரைச்சல்."

பழுதான தொலைபேசிக்குத் திகதி தெரியாது. ஆகவே, தொலைபேசியைப் பார்க்காமல் டேட்டாப் பொதி எடுத்தபோது கடையில் கொடுத்த துண்டைக் கொண்டுவரச் சொன்னேன். அதில் 'எல்லையற்ற இணையம்' என்று பெரிய எழுத்தில் தமிழில் இருந்தது. அதற்குக் கீழே, பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் ஒரு வரி. முதல் 5 ஜிபி முழு வேகத்தில் கிடைக்கும், அதன் பிறகு 64 கேபிபிஎஸ் வேகத்தில் கிடைக்கும் என்பது அதன் பொருள்.

"ஓம், கடைப் பெடியனும் அப்பிடித்தான் சொன்னவன். அஞ்சு முடிஞ்சாலும் பிறகு அறுபத்துநாலு வரும் எண்டு. அஞ்சை விட அறுபத்துநாலு பெரிசுதானே மிஸ்?"

இதைக் கேட்டு யாரும் சிரிக்க வேண்டாம். எண்ணை மட்டும் பார்த்தால் எவரும் அப்படித்தான் நினைப்பர். நிவாரணக் கடையில் வரிசையில் நின்ற எமக்குச் சுண்டுக்கும் கொத்துக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. எத்தனை என்று கேட்கமுன் எந்த அளவையால் என்று பார்ப்போம். இணையத்துக்குக் காசு கட்டும்போது மட்டும் அளவையைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்துவிடுகிறோம்.

அந்த 64 ஐக் கண்டதும் எனக்குப் பழைய நினைவு ஒன்று வந்தது. ஏனென்றால், அது இன்றைய வேகமே அல்ல. டயல்-அப் காலத்து வேகம்.

பெரியம்மா பார்த்த படம்

2003 ஆம் ஆண்டு. ஏ-9 வீதி திறந்து ஒரு வருடம் கடந்திருந்தது. எனக்குப் பதினான்கு வயது. யாழ்ப்பாண நகரில் ஒரு கொமினிகேஷனுக்குப் பெரியம்மாவோடு துணைக்குப் போனேன். வெளிநாட்டிலிருந்த மகன் மின்னஞ்சலில் தன் படம் அனுப்பியிருப்பதாகத் தொலைபேசியில் சொல்லியிருந்தார். பெரியம்மா அவரது முகத்தைக் கண்டு ஏழு வருடம்.

கடைக்காரப் பெடியன் இணைப்பை எடுத்தான். மொடெம் பெட்டி கீச்சிட்டு, இரைந்து, பிறகு அடங்கியது. திரையின் மூலையில் 28.8 என்று தெரிந்தது. படம் மேலிருந்து கீழாக, பாய் விரிப்பதைப் போல, கீற்றுக் கீற்றாக இறங்கியது. முதலில் சுவர். பிறகு தலைமயிர். பிறகு நெற்றி. சின்ன வயதில் கிணற்றடியில் விழுந்த தழும்பைக் கண்டதும், "அவன்தான்" என்றார் பெரியம்மா. கண் வரமுன் இணைப்பு அறுந்துபோனது. மறுபடி முதலிலிருந்து. கட்டணம் நிமிடக் கணக்கு. இரண்டாம் தடவைக்கும் சேர்த்துத்தான் அன்று காசு கட்டினோம். பஸ்ஸுக்கு வைத்திருந்த காசும் அதில் போனதால் பாதித் தூரம் நடந்து வந்தோம்.

அந்தப் படத்தின் அளவு 720 கிலோபைற்று என்று திரையில் எழுதியிருந்தது. அந்த எண்ணையும் 28.8 என்ற எண்ணையும் சேர்த்துப் பார்க்க அன்று எங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால், எவ்வளவு நேரம் ஆகும், எவ்வளவு காசு வேண்டும் என்பதைக் கதிரையில் உட்காரமுன்பே கணக்கிட்டிருக்கலாம். படத்தைச் சிறிதாக்கி அனுப்பு என்று மகனிடம் சொல்லியிருக்கலாம். அந்தக் கணக்கை இப்போது செய்து பார்ப்போம்.

பிற்றும் பைற்றும்

கணனியும் கைத்தொலைபேசியும் எல்லாவற்றையும் 0, 1 என்ற இரண்டு குறிகளாகவே வைத்திருக்கின்றன. அப்படி ஒரு குறிக்குப் பெயர் பிற்று. எட்டுப் பிற்றுகள் சேர்ந்தால் ஒரு பைற்று.

கம்பியிலோ காற்றிலோ தரவு ஓடும் வேகத்தைப் பிற்றுகளில் சொல்வார்கள். படம், பாட்டு, காணொளி ஆகியவற்றின் அளவையும், நாம் வாங்கும் பொதியின் அளவையும் பைற்றுகளில் சொல்வார்கள். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்து 'பி'. பிற்றுக்குச் சிறிய 'பி', பைற்றுக்குப் பெரிய 'பி'. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத சகோதரிகளுக்கு எங்கள் குழுவில் இப்படிச் சொல்லிக் கொடுத்தோம்: ஒரு தடியும் ஒரு வயிறும் இருந்தால் பிற்று. ஒரு தடியும் இரண்டு வயிறும் இருந்தால் பைற்று. இரண்டு வயிறு உள்ளதுதான் பெரியது, எட்டு மடங்கு பெரியது.

அதற்கு முன்னால் நிற்கும் எழுத்தையும் பார்க்க வேண்டும். 'கே' என்றால் ஆயிரம். 'எம்' என்றால் பத்து இலட்சம். 'ஜி' என்றால் நூறு கோடி. கோப்பின் அளவைச் சொல்லும்போது சில இடங்களில் ஆயிரத்துக்குப் பதிலாக 1,024 என்று கணக்கிடுவார்கள். எமது வீட்டுத் தேவைக்கு ஆயிரம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

இனிப் பெரியம்மாவின் படம். 28.8 கேபிபிஎஸ் என்றால் ஒரு செக்கனில் 28,800 பிற்று. எட்டால் பிரித்தால் 3,600 பைற்று. படம் 7,20,000 பைற்று. அதை 3,600 ஆல் பிரித்தால் 200 செக்கன், அதாவது 3 நிமிடம் 20 செக்கன். இது இணைப்பு அறாமல், வேகம் குறையாமல் ஓடினால் ஆகும் நேரம். அதே படம் இன்று 10 எம்பிபிஎஸ் இணைப்பில் வந்தால், ஒரு செக்கனில் 12,50,000 பைற்று வரும். அரைச் செக்கனுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் முழு முகமும் தெரிந்துவிடும்.

பழைய வேகங்கள் இன்றைய அளவில்

டயல்-அப் மொடெம் என்பது கணனியின் 0, 1 குறிகளைச் சத்தமாக மாற்றிச் சாதாரணத் தொலைபேசிக் கம்பியில் அனுப்பி, மறுமுனையில் அந்தச் சத்தத்தைத் திரும்பவும் குறிகளாக மாற்றும் பெட்டி. முன்னர் கேட்ட அந்தக் கீச்சொலி, எந்த வேகத்தில் பேசிக்கொள்ளலாம் என்று இரண்டு மொடெம்களும் தம்முள் பேசித் தீர்மானிக்கும் சத்தமே. கம்பியோ மனிதக் குரலுக்காகப் போடப்பட்டது. அதனால்தான் வேகத்தைச் சிறிது சிறிதாகவே கூட்ட முடிந்தது. பழைய வேகத்தை எம்பிபிஎஸ் ஆக்க, பிற்று எண்ணைப் பத்து இலட்சத்தால் பிரிக்க வேண்டும். ஒரு செக்கனில் எத்தனை பைற்று என்று அறிய எட்டால் பிரிக்க வேண்டும்.

1960களின் தொடக்கத்தில் வந்த பெல் 103 மொடெம்: 300 பிற்று. இன்றைய அளவில் 0.0003 எம்பிபிஎஸ்.

1984 இல் வந்த நியமம்: 2,400 பிற்று. 0.0024 எம்பிபிஎஸ், செக்கனுக்கு 300 பைற்று.

1991: 14,400 பிற்று. 0.0144 எம்பிபிஎஸ், செக்கனுக்கு 1,800 பைற்று.

1994: 28,800 பிற்று. 0.0288 எம்பிபிஎஸ், செக்கனுக்கு 3,600 பைற்று.

1996: 33,600 பிற்று. 0.0336 எம்பிபிஎஸ், செக்கனுக்கு 4,200 பைற்று.

1998: 56,000 பிற்று. 0.056 எம்பிபிஎஸ், செக்கனுக்கு 7,000 பைற்று.

கடைசி வேகத்தில் 1 ஜிபி இறக்க ஏறத்தாழ 40 மணித்தியாலம் ஆகும். 10 எம்பிபிஎஸ் இணைப்பில் அது 13 நிமிடம் 20 செக்கன்.

பழைய பெட்டிகளில் 'போட்' என்றும் ஒரு சொல் இருக்கும். பலர் அதைப் பிற்று என்றே எடுத்துக்கொள்வார்கள். அது ஒரு செக்கனில் சைகை எத்தனை தடவை மாறுகிறது என்ற எண். 2,400 பிற்று மொடெம் செக்கனுக்கு 600 தடவைதான் சைகையை மாற்றியது. ஒவ்வொரு தடவையிலும் 4 பிற்று போனது. 600 ஐ 4 ஆல் பெருக்கினால் 2,400.

இன்னொரு சிறு விஷயம். பழைய மொடெம்கள் ஒவ்வொரு பைற்றுக்கும் முன்னே ஒரு பிற்றும் பின்னே ஒரு பிற்றும் அடையாளத்துக்காகச் சேர்த்து அனுப்பின. ஆகவே எட்டுக்குப் பதில் பத்தால் பிரிக்க வேண்டும். 300 பிற்று மொடெமில் செக்கனுக்கு 30 பைற்றுத்தான் போகும். இன்று தொலைபேசியில் 'அம்மா' என்று தமிழில் எழுதினால் அதற்குப் பொதுவாக 15 பைற்று. அந்த ஒரு சொல்லை அனுப்ப அந்த மொடெமுக்கு அரைச் செக்கன் பிடித்திருக்கும்.

இந்தப் பத்தால் பிரிக்கும் வழக்கம் இன்றைக்கும் உதவும். இன்றைய இணைப்புகளிலும் முகவரி, சரிபார்ப்பு என்று ஒரு பங்கு போய்விடும். எட்டால் பிரித்தால் கடதாசிக் கணக்கு. பத்தால் பிரித்தால் வீட்டுக் கணக்கு.

64 எங்கிருந்து வந்தது?

தொலைபேசி நிலையங்கள் இலக்கமுறைக்கு மாறியபோது, மனிதக் குரலை ஒரு செக்கனில் 8,000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிற்றாக எழுதினார்கள். 8,000 ஐ 8 ஆல் பெருக்குங்கள். 64,000. ஆம், ஒரு தொலைபேசிப் பேச்சுக்கு ஒதுக்கப்படும் இடம்தான் 64 கேபிபிஎஸ். அதில் 8 இல் 7 பிற்றை நம்பிப் பயன்படுத்தலாம் என்ற கணக்கில்தான் 56 வந்தது.

அந்த 56 உம் முழுமையாகக் கிடைத்ததில்லை. பெட்டியில் 56 என்று அச்சிட்டிருந்தாலும், அமெரிக்காவில் தொலைபேசிக் கம்பியின் மின்வலு விதிகள் காரணமாக அது 53.3 க்கு மேல் போகவில்லை. கம்பி பழையதாகவும் தூரம் கூடியதாகவும் இருந்தால் 40, 30 என்று இறங்கிவிடும். அனுப்பும் பக்கம் 33.6 தான். அன்று பெட்டியில் எழுதிய எண்ணும், இன்று விளம்பரத்தில் '... வரை' என்று எழுதும் எண்ணும் ஒரே சாதி. 'வரை' என்ற சொல்லுக்குள் எவ்வளவும் குறையலாம்.

டயல்-அப் காலம் முடிந்துவிட்டது என்று சொல்கிறோம். அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம்கூட 2025 செப்டெம்பர் 30 இல் தன் டயல்-அப் சேவையை நிறுத்திவிட்டது. ஆனால் அதன் வேகம் போய்விடவில்லை. 'எல்லையற்றது' என்ற சொல்லின் கீழே, பொடி எழுத்தில் அது இன்னும் இருக்கிறது.

அக்காவின் கணக்கு

5 ஜிபி என்பது தாங்கியில் உள்ள தண்ணீர். 64 கேபிபிஎஸ் என்பது குழாயில் தண்ணீர் வரும் வேகம். இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிடவே கூடாது.

ஸூம் நிறுவனம், ஒருவரோடு ஒருவர் தெளிவாகப் பார்த்துப் பேச 600 கேபிபிஎஸ் தேவை என்கிறது. குரல் மட்டும் கேட்க 60 முதல் 80 வரை. எட்டால் பிரித்தால் 600 என்பது செக்கனுக்கு 75 கிலோபைற்று. ஒரு நிமிடத்துக்கு 4.5 எம்பி. ஒரு மணித்தியால வகுப்புக்கு 270 எம்பி. பிள்ளையும் தன் கமெராவைத் திறந்து வைத்தால் அனுப்பும் பக்கத்துக்கும் அதே அளவு சேர்ந்து இரட்டிப்பாகும்.

மாதத்துக்கு 26 வகுப்பு. 26 ஐ 270 ஆல் பெருக்கினால் 7,020 எம்பி, அதாவது 7 ஜிபி. பொதியில் இருந்ததோ 5 ஜிபி. 18 வகுப்புக்கு 4,860 எம்பி போய்விடும். 19 ஆவது வகுப்பின் நடுவில் 5 ஜிபி முடியும். வாரத்துக்கு ஆறு வகுப்பு என்றால் அது இருபதாம் திகதியை அண்டி வரும். அதன் பிறகு 600 வேண்டிய இடத்தில் 64. ஒன்பதில் ஒரு பங்குகூட இல்லை. குரலுக்கே மட்டுமட்டு. படம் நின்றதற்கும் சேரின் பேச்சு அறுந்ததற்கும் இதுதான் காரணம். புதிய தொலைபேசி வாங்கியிருந்தாலும் இருபதாம் திகதி அதே இடத்தில்தான் நின்றிருக்கும்.

எல்லையற்றது என்று சொன்னதற்கும் எல்லை இருக்கிறது. 64 கேபிபிஎஸ் வேகத்தில் இரவு பகல் ஓயாமல் இறக்கினாலும் ஒரு நாளைக்கு 691 எம்பிக்கு மேல் வராது. இன்றைய தொலைபேசியில் எடுத்த 3 எம்பி படம் ஒன்று வர 6 நிமிடம் 15 செக்கன். பெரியம்மாவின் மகனின் படம் வந்ததைப் போலத்தான்.

அக்கா இந்தக் கணக்கைத் தையல் அளவு எழுதும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு கடைக்குப் போனார். கடைப் பெடியனுக்கும் அது தெரிந்திருக்கவில்லை. தனக்குச் சொல்லித் தந்ததையே அவன் சொல்லியிருக்கிறான். 'எல்லையற்ற' என்ற சொல் இல்லாத, ஆனால் முழு வேகத்தில் கூடுதல் ஜிபி உள்ள வேறொரு பொதிக்கு மாறினார். முன்னைய மூன்று மாதங்களும் கட்டிய காசு திரும்பி வரவில்லை. அந்த மாதங்களில் பாதியும் குறையுமாகக் கேட்ட இருபதுக்கு மேற்பட்ட வகுப்புகளும் திரும்பி வரவில்லை. மிச்சமிருந்த வகுப்புகளைப் பிள்ளை ஒழுங்காகக் கேட்டுப் பரீட்சை எழுதினாள்.

பணம் கட்டமுன்

பொதி எடுக்கப் போகும்போது இவற்றைக் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. உழைத்த காசு எம்முடையது.

ஒன்று, முழு வேகத்தில் எத்தனை ஜிபி? அதில் இரவுக்கு மட்டும் ஒதுக்கியது எவ்வளவு, பகலுக்கு எவ்வளவு? பிள்ளையின் வகுப்பு மாலையில் என்றால் இரவு டேட்டா அதற்கு உதவாது. பதிவு செய்த பாடங்களை இறக்கி வைக்க உதவும்.

இரண்டு, அது முடிந்ததும் இணைப்பு நிற்குமா, வேகம் குறையுமா, மேலதிகக் கட்டணம் வருமா?

மூன்று, குறைந்த வேகம் எவ்வளவு? எண்ணுக்குப் பின்னால் நிற்பது 'கே' யா 'எம்' மா? 'பி' க்கு ஒரு வயிறா இரண்டு வயிறா? 64, 128 என்று 'கே' யோடு வந்தால் எழுத்துச் செய்தியும் குரல் பதிவும் போகும். காணொளி போகாது.

நான்கு, அந்த வரியை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தெரியாத மொழியில் உள்ள துண்டை நம்பிக் காசு கட்டாதீர்கள்.

வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. வாட்ஸ்அப்பில் படங்களும் காணொளிகளும் தாமாக இறங்குவதை அமைப்புகளில் நிறுத்தி வையுங்கள். அப்போது ஒவ்வொன்றின் அளவும் முன்கூட்டியே தெரியும். தேவையானதை மட்டும் இறக்கலாம். வகுப்பில் ஆசிரியர் கேட்காதபோது பிள்ளையின் கமெராவை மூடி வைத்தால் அதுவும் மிச்சம்.

பெரியம்மா இப்போது இல்லை. அன்று இரண்டாம் தடவை கண்கள் வரும்வரை அவர் மூச்சையும் அடக்கிக்கொண்டு பார்த்திருந்தது எனக்கு மறக்கவில்லை. வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் முகத்துக்காகவும், வீட்டிலுள்ள பிள்ளையின் படிப்புக்காகவும் எமது பெண்கள் இன்றும் அந்தச் சிறிய திரைக்குக் காசு கட்டுகிறார்கள். அந்தக் காசுக்கு என்ன கிடைக்கிறது என்று அளந்து பார்க்க எட்டாம் வாய்ப்பாடு போதும்.

உங்கள் பொதியின் துண்டை எடுத்து, பிள்ளைகளோடு இருந்து ஒரு தடவை கணக்குப் பாருங்கள். விளங்காவிட்டால் உங்கள் மாதர் சங்கக் கூட்டத்துக்கு அதைக் கொண்டு வாருங்கள். ஒருவருக்கு விளங்கினால் பத்துப் பேருக்கு விளங்கும்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.